‘ஹீமாஞ்சியோமா’ என்று எழுதப்பட்ட 14 மில்லிமீட்டர்: ஈரலிலேயே தோன்றும் புற்றுநோய், ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் நோயாளி தனி ஓர் ஆள் அல்ல. ஈரல் வார்டுகளில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு போக்கை, கற்பிப்பதற்காக ஒரே ஆளின் ஃபைலாகக் கோத்தது இது. பரிசோதனை எண்களும் அப்படியே.

நோயாளி 54 வயது ஆண், விழுப்புரம் பக்கம், லாரி டிரைவர். எட்டு ஆண்டாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். வாரம் இரண்டு நாள் மது உண்டு. நான்கு மாதமாக வலது விலாவுக்குக் கீழே கனத்துக்கொண்டு இழுத்துப் பிடிக்கிறது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதிகம். இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. எடை 71 கிலோவிலிருந்து 67 ஆகிவிட்டது. காய்ச்சல் இல்லை, கண் மஞ்சளாகவில்லை, கால் வீங்கவில்லை. ‘கேஸ் ட்ரபிள்’ என்று மூன்று மாதம் பான்டோபிரசோல் சாப்பிட்டிருக்கிறார்.

கேட்டால்தான் வரும் தகவல் இரண்டு. 19 ஆண்டுகளுக்கு முன் ரத்த தான முகாமில் ரத்தம் கொடுத்தபோது ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருப்பதாகத் தெரிந்தது; ‘கேரியர்தான், ஒன்றும் ஆகாது’ என்று யாரோ சொன்னதோடு அது முடிந்தது. அம்மா 60 வயதில் ‘வயிற்றில் தண்ணி கட்டி’ இறந்தார்.

நோயறிதலில் பாதி இந்த இரண்டு வாக்கியத்திலேயே முடிந்துவிடுகிறது. ஈரல் புற்றுநோயில் ‘என்ன தெரிகிறது’ என்பதற்கு முன்னால் ‘யாருடைய ஈரல்’ என்று கேட்டாக வேண்டும். நல்ல ஈரலில் இருக்கும் 14 மில்லிமீட்டர் புள்ளி வேறு, 19 ஆண்டுக்கும் மேலாக ஹெபடைட்டிஸ் பி குடியிருக்கும் ஈரலில் இருக்கும் அதே 14 மில்லிமீட்டர் புள்ளி வேறு. இந்த நோயாளிக்கு நடந்த தவறுகள் எல்லாமே அந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

அறிகுறிகளை எப்படிப் படிப்பது

ஈரலின் உட்பகுதியில் வலி உணரும் நரம்பு கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் உறை இழுபட்டால்தான் வலிக்கும். ஆகவே ஈரலின் நடுவில் 5 செ.மீ. கட்டி சத்தமில்லாமல் இருக்கலாம். உறையை ஒட்டி 3 செ.மீ. கட்டி இருந்தாலும் வலி காட்டும். சில பேருக்கு அந்த வலி வலது தோள்பட்டையில் தெரியும். எலும்பு டாக்டரிடம் போய்க்கொண்டிருப்பார்கள். இவருடைய பசியின்மைக்கும் எடைக் குறைவுக்கும் கட்டியைவிடச் சிரோசிஸ்தான் (ஈரல் முழுதும் தழும்பாகி இறுகிப்போகும் நிலை) பெரிய காரணமாக இருக்கும். ஆரம்பக் கட்ட ஈரல் புற்றுநோய்க்கென்று தனி அறிகுறி எதுவும் இல்லை. அறிகுறியை நம்பிக் காத்திருந்தால் நோய் முந்திவிடும்.

ஏற்கெனவே சிரோசிஸ் உள்ளவரிடம் சிலவற்றைக் கண்டால் உடனே கட்டியைத் தேட வேண்டும். அதுவரை கட்டுக்குள் இருந்தவருக்குத் திடீரென வயிற்றில் தண்ணீர் சேர்வது, காரணம் தெரியாமல் மஞ்சள் காமாலை ஏறுவது, ரத்த வாந்தி, மனக்குழப்பம். குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்துக்குள் கட்டி இறங்கி அடைத்துக்கொண்டால் இப்படித்தான் ஒரே வாரத்தில் ஆள் சரிவார். திடீர்க் கடும் வயிற்றுவலியோடு முகம் வெளுத்து ரத்த அழுத்தம் இறங்கினால் கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கசிகிறது என்று நினைக்க வேண்டும்.

கட்டி சுரக்கும் பொருள்களால் வரும் குறிகள் அரிது, ஆனால் ஏமாற்றும். சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையே தேவைப்படாத அளவுக்குச் சர்க்கரை இறங்கும். வீட்டில் ‘சர்க்கரை குணமாகிவிட்டது’ என்று மகிழ்வார்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருப்பது வழக்கம். 17, 18 என்று வந்தால் கட்டி, ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டினைச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் கால்சியம் ஏறுவதும் உண்டு.

நம் ஊரில் வலது விலாவடி வலி என்றால் அமீபா சீழ்க்கட்டியையும் நினைக்காமல் இருக்க முடியாது, குறிப்பாகக் கள், சாராயம் குடிக்கும் ஆண்களிடம். அங்கே காய்ச்சல் இருக்கும், விலா இடுக்கில் விரல் வைத்து அழுத்தினால் துடிப்பார், சில நாட்களில் வந்த வலியாக இருக்கும். இவருக்கு மூன்றும் இல்லை.

உடலைப் பார்த்ததில் நெற்றிப்பொட்டுத் தசை வற்றியிருந்தது, உள்ளங்கை சிவந்திருந்தது, மார்பில் சிலந்தி போல விரியும் ரத்தக்குழாய்ப் புள்ளிகள் மூன்று இருந்தன. மண்ணீரல் விலாவுக்குக் கீழே 2 செ.மீ. கைக்குத் தட்டுப்பட்டது. வயிற்றில் தண்ணீர் இல்லை; கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று உதறவில்லை. இந்தக் குறிகளோடு மண்ணீரலும் தட்டுப்பட்டதால் போர்ட்டல் அழுத்தம் ஏறியிருக்கிறது, இது சிரோசிஸ் என்று எழுதிவிடலாம்.

ரத்தப் பரிசோதனை

பிலிருபின் 1.6, அல்புமின் 3.3, ஏஎஸ்டி 78, ஏஎல்டி 52 (இரண்டும் ஈரல் செல் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் நொதிகள்), ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) 1.3, பிளேட்லெட் 92,000, கிரியேட்டினின் 0.9. ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸ் உடலில் இருப்பதன் அடையாளம்) பாசிட்டிவ், இ-ஆன்டிஜென் நெகட்டிவ், வைரஸ் அளவு 48,000 ஐயூ (சர்வதேச அலகு). ஹெபடைட்டிஸ் சி இல்லை. ஏஎஃப்பி (ஈரல் புற்றுநோயில் பலருக்கு ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) 34 நானோகிராம்.

இதில் அதிகம் பேசுவது பிளேட்லெட். ஏஎல்டி 52 என்பதைப் பார்த்து ‘கொஞ்சம்தான் கூட’ என்று விட்டுவிடுவார்கள். வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட் நான்கை வைத்துப் போடும் ஃபிப்-4 கணக்கு இதுதான்: வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, பிளேட்லெட்டையும் (ஆயிரத்தில்) ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 54 × 78 = 4,212; 92 × 7.21 = 663; விடை 6.3. 3.25-ஐத் தாண்டினாலே முற்றிய தழும்பு என்று சந்தேகிக்கலாம். காசு செலவில்லாத கணக்கு. 14 மாதத்துக்கு முந்தைய ரத்தச் சீட்டிலேயே இதைப் போட்டிருக்க முடியும்.

ஏஎஃப்பியை மக்கள் ‘கேன்சர் டெஸ்ட்’ என்று நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. 400-க்கு மேல் போனால் வலுவான சாட்சி. ஆனால் ஈரல் புற்றுநோய் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது ஏறுவதே இல்லை. சிறிய கட்டிகளில் ஏறுவது இன்னும் குறைவு. மறுபுறம், ஹெபடைட்டிஸ் சீறும்போதும், கர்ப்பத்திலும், விந்தகத்தின் சில புற்றுநோய்களிலும் ஏறும். 20-ஐத் தாண்டினால் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது நடைமுறை எல்லை. ஒரு முறை வந்த எண்ணைவிட, ஆறு மாதத்துக்கொரு முறை ஏறிக்கொண்டே போகும் எண் முக்கியம். லேப் மாறினால் அலகையும் பார்க்க வேண்டும்: சில லேப் நானோகிராமிலும் சில ஐயூவிலும் தரும், 1 ஐயூ என்பது சுமார் 1.2 நானோகிராம். அலகு மாறியதைப் பார்க்காமல் ‘குறைந்துவிட்டது’ என்று சந்தோஷப்படுவது நடக்கிறது.

பழைய காகிதங்கள்

ஃபைலில் இருந்த மூன்று காகிதங்கள்தான் இந்த ஆய்வின் மையம்.

முதலாவது, 14 மாதத்துக்கு முந்தைய அல்ட்ராசவுண்ட். ‘ஈரலின் இழைமம் சொரசொரப்பாக உள்ளது. வலது மடலில், செக்மென்ட் 6-ல் 14 மி.மீ. வெண்மையான புள்ளி, ஹீமாஞ்சியோமாவாக இருக்கலாம்.’ முதல் வாக்கியமும் இரண்டாவது வாக்கியமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. ஹீமாஞ்சியோமா என்னும் தீங்கற்ற ரத்தக்குழாய் முடிச்சு நல்ல ஈரலில் சர்வசாதாரணம். வெண்புள்ளி என்றால் முதலில் அதைத்தான் சொல்வார்கள், அதில் தவறில்லை. ஆனால் சொரசொரப்பான, அதாவது சிரோசிஸ் ஆன ஈரலில் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் புதிதாகத் தெரியும் எந்த முடிச்சையும், வெண்மையோ கருமையோ, பல கட்ட சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்துத்தான் விட வேண்டும். 10 மி.மீ.க்குக் கீழே இருந்தால் 3 முதல் 6 மாதத்தில் திரும்பப் பார்க்கலாம். ரிப்போர்ட் எழுதியவருக்கு ஹெபடைட்டிஸ் பி பற்றி யாரும் சொல்லவில்லை. அனுப்பிய சீட்டில் ‘வயிற்று வலி’ என்று மட்டும் இருந்தது.

இரண்டாவது, அதே நேரத்து ஏஎஃப்பி: 11. ‘நார்மல், கேன்சர் இல்லை’ என்று ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கிறது.

மூன்றாவது, ஆறு வாரத்துக்கு முந்தைய வயிற்று சிடி. ரத்த ஓட்டம் படத்தில் தெரிவதற்கான மருந்தை ஏற்றித்தான் எடுத்திருக்கிறார்கள். ‘ஈரலில் கட்டி எதுவும் இல்லை’ என்று முடிவு. அந்த ரிப்போர்ட்டில் பொய் எதுவும் இல்லை. அந்தப் படத்தில் கட்டி தெரியவில்லை, அவ்வளவுதான். ஏன் தெரியவில்லை என்பதற்கு ஈரலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கட்டம் தவறினால் கட்டி மறையும்

நல்ல ஈரல் திசுவுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் நாளம் வழியாகவும், கால் பங்கு ஈரல் தமனி வழியாகவும் வருகிறது. புற்றுக்கட்டி வளர வளரப் போர்ட்டல் தொடர்பை இழந்து, தமனியிலிருந்து புதுக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது. ஆகவே கையில் ஏற்றிய மருந்து தமனி வழியே முதலில் வரும்போது கட்டி மட்டும் பளிச்சென்று ஒளிரும். மருந்து போர்ட்டல் வழியே ஈரல் முழுக்கப் பரவும்போது சுற்றியிருக்கும் திசுவும் வெளுத்துவிடும். அதற்குப் பிறகு கட்டியிலிருந்து மருந்து வேகமாக வடிந்துவிட, கட்டி சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துத் தெரியும்; பலமுறை ஒரு வெள்ளைக் கோடு போலக் கட்டியின் உறையும் தெரியும்.

ஒளிர்வதற்கும் கறுப்பதற்கும் நடுவில் கட்டியும் ஈரலும் ஒரே நிறமாக இருக்கும் ஒரு நேரம் உண்டு. வழக்கமான வயிற்று சிடி மருந்து ஏற்றி ஏறக்குறைய 70 வினாடியில் ஒரே ஒரு முறை எடுப்பது. இவருடைய கட்டி அந்த நொடியில் ஒளிந்துகொண்டது.

எனவே இங்கே கேட்டது ‘ட்ரிபிள் ஃபேஸ் லிவர் சிடி’. பிந்தைய தமனிக் கட்டம் 35 முதல் 40 வினாடி. போர்ட்டல் கட்டம் 60 முதல் 80 வினாடி. தாமதக் கட்டம் 3 முதல் 5 நிமிடம். மருந்தை நொடிக்கு 3 முதல் 5 மி.லி. வேகத்தில் தள்ள வேண்டும். அதற்கு முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் தடித்த வென்ஃப்ளான் ஊசி வேண்டும். புறங்கையில் 24 கேஜ் மெல்லிய ஊசியைப் போட்டு அனுப்பினால் தமனிக் கட்டம் வீணாகும், பிறகு ரிப்போர்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. தமனிக் கட்டம் சரியாக அமைந்ததா என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் சாட்சி ஒன்றுண்டு: ஈரல் தமனி முழுதும் ஒளிர்ந்திருக்கும், போர்ட்டல் நாளம் கொஞ்சம் ஒளிரத் தொடங்கியிருக்கும், ஈரலிலிருந்து வெளியேறும் சிரைகளில் மருந்து இன்னும் வந்திருக்காது. கிரியேட்டினின் முன்னதாகப் பார்த்தாயிற்று. சிறுநீரகம் நன்றாக இருப்பதால் மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையில்லை. கோரிக்கைச் சீட்டில் எழுதியது: ‘நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி, சிரோசிஸ், ஏஎஃப்பி 34, செக்மென்ட் 6-ல் பழைய 14 மி.மீ. முடிச்சு. ஈரல் புற்றுநோயா?’

படத்தில் செக்மென்ட் 6-ல், ஈரலின் உறையை ஒட்டி, 34 மி.மீ. கட்டி. தமனிக் கட்டத்தில் கட்டி முழுதும் ஒளிர்ந்தது. போர்ட்டல் கட்டத்தில் சுற்றியுள்ள ஈரலோடு கலந்துவிட்டது. தாமதக் கட்டத்தில் கறுத்து, சுற்றிலும் உறை தெரிந்தது. போர்ட்டல் நாளம் திறந்திருந்தது. வேறு கட்டி இல்லை.

ஹீமாஞ்சியோமாவாக இருந்தால் ஓரத்தில் திட்டுத்திட்டாக ஒளிர்ந்து உள்நோக்கி மெல்ல நிறையும். தாமதக் கட்டத்திலும் வெளுப்பு நிற்கும், வடியாது. இங்கே நேர்மாறு. 14 மி.மீ. 14 மாதத்தில் 34 ஆகியிருக்கிறது. விட்டத்தின் விகிதத்தை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால் கொள்ளளவு சுமார் 14 மடங்கு. அதாவது ஏறத்தாழ 110 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்ற விதி எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்: 14 மி.மீ. கட்டியை ஆறு மாதத்தில் பார்த்திருந்தால் ஏறக்குறைய 20 மி.மீ.யில் பிடித்திருக்கலாம்.

ஊசி குத்திப் பார்க்க வேண்டுமா?

மற்ற புற்றுநோய்களில் பெரும்பாலும் சதைத் துணுக்கு எடுக்காமல் புற்றுநோய் என்று எழுதமாட்டார்கள். இது விதிவிலக்கு. லை-ராட்ஸ் என்ற வகைப்பாட்டில், 20 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி தமனிக் கட்டத்தில் (ஓரம் மட்டும் அல்லாமல்) ஒளிர்ந்து, பிறகு மருந்து வடிவதோ, உறையோ, ஆறு மாதத்துக்குள் 50% வளர்ச்சியோ காட்டினால் அது எல்ஆர்-5: ஈரல் செல் புற்றுநோய் உறுதி. பயாப்சி தேவையில்லை. ஊசி சென்ற தடத்தில் புற்றுச் செல் விதைக்கும் அபாயமும் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்ததில் அது 2.7% என்று வந்தது. பிளேட்லெட் குறைந்த சிரோசிஸ் ஈரலில் ரத்தக்கசிவு வேறு. ஈரல் மாற்றுக்கு வாய்ப்புள்ளவருக்கு இந்த இரண்டையும் தேவையில்லாமல் ஏன் கொடுக்க வேண்டும்?

ஆனால் இந்தச் சலுகை சிரோசிஸ் அல்லது நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ள பெரியவர்களுக்கு மட்டும். வெறும் கொழுப்பு ஈரல், சிரோசிஸ் இல்லை, அதில் இதே படம் தெரிகிறது என்றால் பயாப்சி எடுத்தே ஆக வேண்டும். படம் ஒன்று, ஈரல் வேறு, முடிவு வேறு. கட்டியின் ஓரம் மட்டும் வளையமாக ஒளிர்ந்தாலும் ஊசி போட வேண்டும். அது பித்தநாளப் புற்றுநோயாகவோ வேறு உறுப்பிலிருந்து பரவியதாகவோ இருக்கலாம். ஈரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் நான்கில் மூன்றுக்கு மேல் ஈரல் செல்லிலிருந்து வருபவை. மீதியில் பெரும்பங்கு பித்தநாளப் புற்றுநோய். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல.

இந்த ஈரலுக்கு என்ன ஆயிற்று

அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே வைரஸ் வந்திருக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் சுமார் 90% பேரிடம் அது நிலைத்துவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 5%-க்கும் குறைவாகவே நிலைக்கும். ஆகவே ‘எங்கே ஊசி போட்டீர்கள், எங்கே போனீர்கள்’ என்று டிரைவர்களைக் குடைவதைவிட ‘அம்மாவுக்கு என்ன’ என்று கேட்பது பயன் தரும்.

ஹெபடைட்டிஸ் பி இரண்டு வழியில் புற்றை உண்டாக்குகிறது. அழற்சி, தழும்பு, சிரோசிஸ் என்பது நீண்ட வழி. தன் டிஎன்ஏவை ஈரல் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே நுழைத்து ஒட்டிக்கொள்வது குறுக்கு வழி. அதனால்தான் சிரோசிஸ் இல்லாதவர்களுக்கும் வருகிறது. இந்தத் தொடர்பை உறுதியாக்கியது தைவானில் 22,707 ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு. பியஸ்லியும் குழுவினரும் 1981-ல் லான்செட்டில் வெளியிட்டார்கள். ஈரல் புற்றுநோய் வந்த 41 பேரில் 40 பேர் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள். மற்றவர்களைப்போல் 223 மடங்கு ஆபத்து. ‘கேரியர்தான், ஒன்றும் ஆகாது’ என்று இவரிடம் சொல்லப்பட்டபோது இந்த எண் வெளிவந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

வைரஸ் மட்டும் அல்ல. சர்க்கரையும் மதுவும் தம் பங்குக்குத் தழும்பைக் கூட்டியிருக்கும். ஈரம் காயாத நிலக்கடலையிலும் சோளத்திலும் வளரும் பூஞ்சையின் நஞ்சு அஃப்ளாடாக்சின். வறுத்தாலும் முழுதாக அழியாது. ஷாங்காய் ஆண்களிடம் நடந்த ஆய்வில் அஃப்ளாடாக்சின் மட்டும் இருந்தால் ஆபத்து சுமார் 3 மடங்கு, ஹெபடைட்டிஸ் பி மட்டும் இருந்தால் 7 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 59 மடங்கு. கூட்டல் கணக்கில் இது வராது. முகம் சுளிக்க வைக்கும் கசப்புக் கடலையைத் துப்பிவிடும் பழக்கம் நல்ல பழக்கம்தான்.

கண் மஞ்சளானதாகத் தோன்றும்போதெல்லாம் இவர் கீழாநெல்லி அரைத்துக் குடித்திருக்கிறார். சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பிளம்பெர்க்கும் சேர்ந்து, 1988-ல் லான்செட்டில் எழுதிய கட்டுரையில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்ததாகக் கண்டார்கள். பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை. கீழாநெல்லி கெடுதல் செய்தது என்பதல்ல இங்கே குறை. மஞ்சள் போய்விட்டால் நோய் போய்விட்டது என்று இவர் நம்பியதுதான். ஹெபடைட்டிஸ் பி உள்ள ஈரல் மஞ்சளே காட்டாமல் 30 ஆண்டு தேயும்.

நிலை

ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் சைல்ட்-ப்யூ மதிப்பெண்: அல்புமினுக்கு 2, பிலிருபின், ஐஎன்ஆர், வயிற்றுநீர், மனக்குழப்பம் நான்குக்கும் தலா 1, மொத்தம் 6, வகுப்பு ஏ. நெஞ்சு சிடியில் எதுவும் இல்லை. எண்டோஸ்கோபியில் சிறிய வேரிசஸ் (உணவுக்குழாயில் புடைத்த சிரைகள்). வண்டி ஓட்டும் அளவுக்குத் தெம்பு இருக்கிறது. ஒரே கட்டி, 5 செ.மீ.க்குள், ஈரல் புற்றுநோயை நிலை பிரிக்கும் பிசிஎல்சி முறையில் நிலை ஏ, ஈரல் மாற்றுக்கான மிலான் வரம்புக்கு உள்ளே. 3 செ.மீ.யைத் தாண்டிவிட்டதால் வெப்பத்தால் சுட்டு அழிக்கும் முறையின் பலன் குறையும். பிளேட்லெட்டும் வேரிசஸும் வெட்டி எடுப்பதைக் கடினமாக்குகின்றன. 14 மி.மீ.யில் வந்திருந்தால் சுட்டு அழிப்பது ஒரு மணி நேர வேலை. வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை அன்றே தொடங்கி, ஈரல் மாற்றுக் குழுவின் கூட்டத்துக்கு ஃபைல் போனது.

அதே வாரம் வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். மனைவிக்கு எதிர்ப்பு சக்தி உண்டு. மகன், மகள் இருவருக்கும் வைரஸ் இல்லை, தடுப்பூசியும் இல்லை. முதல் ஊசி அன்றே, அடுத்தவை 1-ஆம் மாதமும் 6-ஆம் மாதமும். 46 வயதுத் தம்பிக்குப் பாசிட்டிவ். பிளேட்லெட் 2,10,000, சிரோசிஸ் இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்கிறார். 40 வயதைத் தாண்டிய ஆசிய ஆண், அண்ணனுக்கு ஈரல் புற்றுநோய். சிரோசிஸ் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கொரு முறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பியும் பார்க்க வேண்டியவர். ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறது. நுரையீரலுக்கு அடியில் மறையும் ஈரலின் உச்சியைப் பார்க்க இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஈரல் முழுதும் தெரிந்ததா இல்லையா என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதக் கேட்டிருக்கிறது. அவருடைய சீட்டின் முதல் வரி ‘வயிற்று வலி’ அல்ல. ‘ஹெபடைட்டிஸ் பி, அண்ணனுக்கு ஈரல் புற்றுநோய்’.